பேர் போட்ட புத்தகம்

இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. சொல்லப்போவதே ஒரு பெயரால் வந்த ரகளையைப் பற்றித்தான், இருந்தாலும் எழுதமாட்டேன். கல்யாணமாகி கோவில்பதாகைக்கு வந்த நாளிலிருந்து வாயில் ஏறிய பழக்கம், இத்தனை வருஷம் கழித்துக் கைக்கும் இறங்கிவிட்டது. நான் எழுதாததால் அந்தப் பெயருக்கு ஒரு குறையும் இல்லை. ரேஷன் கார்டில் சௌக்கியமாகத்தான் இருக்கிறது.

என் புகுந்த வீடு பழைய விவசாயக் குடும்பம். கழனியெல்லாம் மனைகளாகி, ஆண்கள் எல்லோரும் ஃபாக்டரி சைரனுக்கு எழுந்திருக்கப் பழகிய பிறகும் சில சட்டங்கள் மட்டும் மாறவில்லை. தலைப்பிள்ளை ஆணாக இருந்தால் தாத்தா பெயர். இது முதல் சட்டம். பெரியவர்கள் பெயரை வீட்டு மனுஷர் வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களுடைய ஆயுசு குறையும். இது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று முப்பாட்டன் காலத்திலிருந்து ஒருத்தராவது யோசித்திருக்க வேண்டாமா? ஒருத்தரும் யோசிக்கவில்லை. என் தலையில் வந்து விடிந்தது.

என் மகனைத் தொட்டிலில் போட்ட அன்றே கூத்து ஆரம்பித்துவிட்டது. குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும், அத்தை சொல்வது முறை. அத்தை என்றால் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவர். அவர் குனிந்தார், நிமிர்ந்தார், அப்பா பேரை எப்படிச் சொல்வது என்று தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தார். நான் மருமகள், என்னை யாரும் பார்க்கவே இல்லை. கடைசியில் மாமனாரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து, தன் பெயரைத் தானே பேரன் காதில் மூன்று தடவை சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் ஒலிக்கவே இல்லை.

வேறு எப்படிக் கூப்பிட்டோம்? நான் கண்ணு என்றேன். மாமனார் நைனா என்றார். நாத்தனாருக்கு ஒரு பெண் இருந்ததால், அவள் மூத்தவள் என்பதையும் பார்க்காமல், அவர் மாப்ளே என்று அப்போதே முன்பதிவு செய்துவைத்தார். என் வீட்டுக்காரர் டேய் என்பதோடு நிறுத்திக்கொண்டார். நர்சரி பள்ளியில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த மிஸ் உன் பெயர் என்ன என்று கேட்டதற்கு, என் மகன் நான்கையும் வரிசையாக ஒப்பித்தான். அந்த மிஸ் என்னைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் அம்மா என்றார். நான் பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். பாவம், எனக்கு ஏதோ பேச்சு வராது என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் சைகையில் விளக்கினார். வகுப்பிலும் அவனைக் கண்ணு என்றே கூப்பிட்டார்.

எனக்கா பேச்சு வராது? சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரத்து வீட்டில், லாரிச் சத்தத்துக்கு மேலே கத்தி வளர்ந்தவள் நான். பிள்ளையைப் பெயர் சொல்லித் திட்டக்கூட வழியில்லாமல் போனதுதான் என் பெரிய மனக்குறை. டேய் இன்னாரே, மூக்கை நோண்டாதே என்று எப்படிச் சொல்வது? இன்னார் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருப்பாரே.

இப்படியாக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என் தம்பி. அப்போது அம்பத்தூரில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தொண்ணூறுகளின் தொடக்கம், கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலம். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் லெட்டர்ஹெட் என்று அடித்துக்கொண்டிருந்த அவன் முதலாளி, எங்கோ பார்த்துவிட்டு வந்து குழந்தைகளுக்குப் புத்தகம் போட ஆரம்பித்தார். படமெல்லாம் முன்னமே அச்சடித்து வைத்திருப்பார்கள். கதையில் பெயர் வர வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். நாம் பிள்ளையின் பெயர், ஊர், பிரியமான மூன்று பேரின் பெயரைக் கொடுத்தால், அந்தக் காலி இடங்களில் அடித்து, ஸ்டேப்ளர் பின் குத்திக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் குழந்தையே கதாநாயகன்.

இதனால் குடும்பப் பாசம் பெருகுமாம். தன் பெயரையும் அம்மா அப்பா பெயரையும் ஒரே புத்தகத்தில் பார்த்து வளரும் பிள்ளை, பெரியவனானாலும் பெற்றவர்களை விட்டுப் போகவே மாட்டானாம். இதைச் சொன்னது முதலாளி. என் தம்பி அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, தானே கண்டுபிடித்த மாதிரி எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அவிழ்த்துவிட்டான். நான் கேட்டேன், அப்படியானால் நம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சின்ன வயதிலேயே ஆளுக்கு ஒன்று அடித்துக் கொடுத்திருக்கலாமே, நிலத்துக்காகப் பூந்தமல்லி கோர்ட்டுக்கு நடையாய் நடந்திருக்க வேண்டாமே என்று. அக்கா, உனக்கு எல்லாம் கிண்டல்தான் என்று கோபித்துக்கொண்டு போனான்.

போனவன் சும்மா இருந்தானா? மகனுக்குக் காது குத்தினபோது தாய்மாமன் சீர் வரிசையில் அந்தப் புத்தகமும் வந்தது. வாழைப்பழச் சீப்புக்கும் பட்டுச் சட்டைக்கும் நடுவில், குங்குமம் வைத்து, தாம்பாளத்தில். மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளை ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருக்க, என் தம்பி புத்தகத்தைத் தூக்கிச் சபைக்குக் காட்டினான். அட்டையிலேயே மாமனாரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதைத்தானே அவன் அடிப்பான்? ஒரு சிங்கத்தின் பக்கத்தில் என் மாமனார் பெயர். சபையில் பெரியவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாத்தனாரின் கண் வேறு இடத்துக்குப் போனது. பிரியமான மூன்று பேரில் அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், மாமன் இருக்கிறான். அத்தை எங்கே? பந்தியில் பாயசம் வரும் வரைக்கும் பொறுத்துக்கொண்டு, பிறகு என் தம்பியிடம் கேட்டே விட்டார். மூன்று இடம்தான் அண்ணி, கம்ப்யூட்டர் அதற்கு மேல் எடுக்காது என்றான் அவன். அடுத்த பதிப்பில் தேன் கொடுக்கிற கரடிக்கு உங்கள் பெயரைப் போட்டுத் தருகிறேன் என்று வேறு சொல்லி வைத்தான். நல்ல கரடிதானா என்று நாத்தனார் விசாரித்தார்.

அன்று சாயங்காலமே எனக்கு வாசிப்பு உத்தியோகம் கிடைத்துவிட்டது. கதை இதுதான்: ஒரு பையன் காட்டில் வழி தவறிப் போகிறான், மிருகங்கள் எல்லாம் சேர்ந்து அவனை வீட்டில் கொண்டுவந்து விடுகின்றன, வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், அம்மா கட்டிக்கொள்கிறாள். வரிக்கு வரி பையனின் பெயர். முதல் வரியில் வாயைத் திறந்தேன். கூடத்தில் மாமனார் இருமினார். நான் கண்ணு ஒரு நல்ல பையன் என்று படித்தேன். கண்ணு யானையின் மேல் ஏறினான். கண்ணுவைப் பார்த்துச் சிங்கம் சிரித்தது. இப்படியே கடைசிப் பக்கம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

என் மகனுக்கு நிலைகொள்ளவில்லை. சிங்கம் என்னைப் பார்த்தா சிரிச்சுது என்று கேட்டுக் கேட்டு, தலையணைக்கு அடியில் புத்தகத்தை வைத்துத் தூங்கினான். சாப்பிடப் படுத்தினால் போதும், காட்டிலிருந்து வந்த பிள்ளை சாப்பிட வேண்டாமா என்பேன், வாயைத் திறப்பான். முதலாளி சொன்ன பாசம் நிஜமாகவே பெருக ஆரம்பித்திருந்தது. என் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்ல வேளை, கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தணிக்கைக்கு வந்தார். மாமன் எத்தனை பக்கத்தில் வருகிறான் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தனக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது என்பதால், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கையோடு கூட்டிவந்திருந்தார். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் பழக்கின மாதிரி நேராக எழுந்து நின்று, புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தாள். கண்ணுவும் இல்லை, ஒன்றும் இல்லை. தாத்தா பெயர் கூடத்தில் கணீர் கணீரென்று விழுந்தது.

நாத்தனார் பதறிப்போய், தாத்தா பேரைச் சொல்லாதே, வாயிலேயே போடுவேன் என்றார். நான் எங்கே சொல்றேன்மா, புக்குல கீது, படிக்கிறேன் என்றாள் அவள். நியாயம்தானே? தணிக்கை நடந்தாக வேண்டும் என்பதால் நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டு, மேலே படி என்றார்.

என் மகன் அந்தப் பெயரைக் கேட்டதும் வாசலைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்து அந்தப் பெயர் வாசலிலிருந்து வருவது. தபால்காரர் அந்தப் பெயரைக் கூவினால் தாத்தா எழுந்து போவார். மீட்டர் பார்க்க வருகிறவர் கூவினாலும் தாத்தாதான் போவார். ஆக, அது தாத்தா பெயர். யானை மேல் ஏறினது தாத்தா. சிங்கம் சிரித்தது தாத்தாவைப் பார்த்து. கடைசிப் பக்கம் வந்தது. அம்மா அவனைக் கட்டிக்கொண்டு, நீ என் செல்லம் என்றாள் என்று இருக்கும். அம்மா என்ற இடத்தில் என் பெயர். என் பெயர் அவனுக்கு நன்றாகவே தெரியும், என் அம்மா வீட்டில் என்னைப் பெயர் சொல்லித்தான் ஏலம் போடுவார்கள். ஆக, அம்மா கட்டிக்கொண்டதும் தாத்தாவைத்தான்.

அவன் எழுந்துபோய் அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினான். நேராகப் போய்த் தாத்தா மடியில் வைத்தான்.

“இந்தா, உன் புக்கு.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, உன் பெயரும் அதேதான் கண்ணு, தாத்தா பெயரைத்தான் உனக்கு வைத்திருக்கிறோம் என்று எடுத்துச் சொன்னேன். அவன் நம்பவில்லை.

“பொய். என் பேருன்னா நீ ஏன் கூப்புடல?”

கூப்பிடக் கூடாது மாப்ளே, தப்பு என்று நாத்தனார் சொன்னார். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆயிற்று. அவனைப் பெற்றவள் அவன் பெயரைச் சொல்வது தப்பு, தபால்காரர் சொன்னால் தப்பில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு இதை எந்தப் பண்டிதர் விளக்குவார்?

அன்றிலிருந்து அவன் என்னை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். தாத்தாவோட அம்மா என்றான். தண்ணி வேணும், தாத்தாவோட அம்மா. ஊரே ரசித்தது. என் வீட்டுக்காரர் கேன்டீனில் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தார். மாமனாருக்குக் காபி கொண்டுபோனால், உங்க அம்மா காபி கொண்டாந்துட்டாங்க என்று பிள்ளை அறிவிப்பான், அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை என் தம்பியிடம் சொன்னால், கண்ணு என்றே வேறொரு புத்தகம் அடித்துவிடலாம் அக்கா, அப்படியே கரடி விஷயத்தையும் முடித்துவிடலாம் என்றான். வியாபாரம் எப்படிப் போகிறது பாருங்கள்.

இரண்டு மூன்று நாளில் என் சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளை என் கையால் சாப்பிட மறுத்தான். மடிக்கு இழுத்தால் நெளிந்து இறங்கினான். தூங்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தலையணைக்கு அடியில் ஒன்றும் இல்லை. விளையாட்டு என்று எல்லோரும் சொன்னார்கள். என் பிள்ளை என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறான், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்து வீடு கிறிஸ்தவர் வீடு, அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சரம்மா, மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் புனிதர்கள் பெயர். காலையில் பல் தேய்ப்பதிலிருந்து ராத்திரி ஜெபம் வரைக்கும் அந்தப் புனிதர்களைப் பெயர் சொல்லி, டா, டி போட்டுத்தான் டீச்சரம்மா மேய்ப்பார். புனிதர்கள் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. என் மகன் மதில் ஓரத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். விளையாடக் கூப்பிட மாட்டார்களா என்று ஏங்குகிறான் என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் பிள்ளையைக் காணவில்லை. துணி எடுத்து மடித்துவிட்டுப் பார்த்தால் கூடத்தில் மாமனார் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருக்கிறார், பிள்ளை இல்லை, கிணற்றடியிலும் இல்லை. கண்ணு, கண்ணு என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினேன். தெருவில் பாதிப் பிள்ளைகள் கண்ணுதான். அவரவர் வீட்டு வாசலிலிருந்து ஆளுக்கொரு கண்ணு எட்டிப் பார்த்தது, என்னுடையது மட்டும் இல்லை. கொஞ்சம் தள்ளிப் போனால் ஏரி.

டீச்சரம்மா தன் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து கை காட்டிக் கூப்பிட்டார். அங்கே சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தான். மாற்றுச் சட்டை ஒன்றைச் சுருட்டி மடியில் வைத்திருந்தான். டீச்சரம்மா என்னை ஓரமாக இழுத்துச் சொன்னார். வந்ததும் அவன் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டானாம்.

“உங்க ஊட்ல என் புக்கு கீதா?”

எங்கள் வீட்டில் தன் பெயர் போட்ட புத்தகம் இல்லை, அதனால் தன் வீடு வேறு எங்கேயோ இருக்கிறது என்று கிளம்பிவிட்டிருக்கிறான் என் பிள்ளை. வா கண்ணு, வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். அவன் கையை உருவிக்கொண்டான். நீ தாத்தாவோட அம்மா, நீ போ என்றான். சத்தம் போடாமல், அழாமல் சொன்னான். மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்கட்டில், விஷயம் கேள்விப்பட்டு வந்த நாத்தனார் தலை தெரிந்தது.

எனக்கு அப்போது வந்தது ஆத்திரமா அழுகையா என்று இன்றைக்கும் தெரியாது. இரண்டும்தான் இருக்கும். யார் ஆயுசு எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று தோன்றிவிட்டது. வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து அந்தப் பெயரைச் சொன்னேன். முழுப் பெயர். கடைசியில் ஒரு டா. சென்னீர்குப்பத்து லாரிகளுக்கு மேலே கேட்கிற குரலில், என் பிள்ளையைப் பார்த்து, வீட்டுக்கு வாடா என்றேன்.

பிள்ளை அசையவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி விழும் சத்தம் கேட்டது.

“இன்னாம்மா, தோ வந்துட்டேன்.”

என் மாமனார். செருப்புக்கூடப் போடாமல் கூடத்திலிருந்து பின்கட்டுக்கு ஓடிவந்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாத்தனார் வாயில் கை வைத்து, அய்யோ அப்பாவையே டா போட்டுட்டாளே என்று தொடங்கினார். மாமனார் கையைக் காட்டி அவரை அடக்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிள்ளை மட்டும் வெற்றி முகத்தோடு என்னைப் பார்த்தான். பாத்தியா, தாத்தாதான் வந்தாரு என்றான்.

மாமனாருக்கு மூச்சு வாங்கிற்று. பிறகு பேரனிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை.

“உங்கம்மா கூப்ட்டது உன்னைத்தான் நைனா. நான்தான் தப்பா வந்துட்டேன். எங்கம்மா போனதுக்கப்புறம் ஊட்டு ஆளுங்க யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல. எல்லாம் வாசல்ல நின்னுகினு கூப்புடறவன்தான். அதான் கால் தன்னால வந்துடுச்சு.”

அவர் இருமினால் பயந்து, செருமினால் எழுந்து, பெயரைச் சொன்னால் ஆயுசு போகும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தோமே, அந்த மனுஷனுக்கு இதுதான் குறையாக இருந்திருக்கிறது. நாங்கள் காட்டின மரியாதையை நினைத்து எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

பிள்ளை யோசித்தான். தாத்தாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். இன்னொரு தபா கூப்புடு என்றான். கூப்பிட்டேன், அதே பெயர், அதே டா. மாமனார் துண்டின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றார். இந்த முறை படியிலிருந்து ஒரு சின்னக் குரல் இன்னா என்றது. மறுபடி கூப்பிட்டேன். இன்னா. மறுபடி. இன்னாம்மா. அவன் வாயால் அம்மா என்று கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது. தூக்கிக்கொண்டேன், அவனும் கழுத்தைக் கட்டிக்கொண்டான், டீச்சரம்மா அவனுடைய சட்டையை எடுத்து என் தோளில் போட்டார்.

இரண்டு எட்டு வைத்திருப்பேன். பிள்ளை என் கன்னத்தைப் பிடித்து மதில் பக்கம் திருப்பினான்.

“தாத்தாவையும் ஒரு தபா கூப்புடும்மா. பாவம், அவருக்குத்தான் அம்மா இல்லியே.”

வேணாம், வேணாம் என்று நாத்தனார் அங்கிருந்து கத்தினார். மாமனார் வாயிலிருந்து துண்டை எடுத்தார். மதிலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

டா போடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தடுமாறினேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு போட்டே கூப்பிட்டேன்.